மேற்படிப்பு மருத்துவர்களுக்குப் பாலியேட்டிவ் கேர் எப்படிக் கற்றுத்தருவது?

கேள்வி: பொது மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 14 பயிற்சி மருத்துவர்கள். இதயம், சிறுநீரகம், தீவிர சிகிச்சை என்று சுழற்சியில் போய்வருபவர்கள். பாலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயில் வலியையும் பிற தொல்லைகளையும் தணிக்கும் பராமரிப்பு பற்றி இரண்டு விரிவுரைகள் நடத்தினோம். தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். வார்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. வலியில் துடிப்பவருக்கு மார்ஃபின் எழுதத் தயங்குகிறார்கள். கெட்ட செய்தி சொல்ல வேண்டும் என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். எங்களிடம் இதற்கென்று தனித் துறை இல்லை. வாரம் ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதம் ஒதுக்க முடியும். எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்றுத்தருவது? செவிலியர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் விரிவுரை வீண்போகவில்லை, டாக்டர். விரிவுரையால் ஆவது அவ்வளவுதான். மருத்துவத் திறனை ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்துகாட்ட முடியும், அன்றாட வேலையில் செய்கிறார். உங்கள் 14 பேரும் இரண்டாம் படியில் நிற்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசிபோட்டு நீர் எடுப்பதை யாரும் ஸ்லைடு காட்டிவிட்டு, 'இனி நீயே போய் எடு' என்று அனுப்புவதில்லை. பக்கத்தில் நிற்கிறோம், கையைப் பிடித்துத் திருத்துகிறோம். 'உங்களுக்கு நோய் முற்றிவிட்டது' என்று சொல்ல மட்டும் ஒரு விரிவுரை போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மரணத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்காதீர்கள். வலியோடு தொடங்குங்கள். காரணம் எளிது. சரியாக எழுதிய மார்ஃபின் ஒரே நாளில் பலன் காட்டும். நேற்று முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் இன்று உட்கார்ந்து பேசுவதைப் பார்த்த பயிற்சி மருத்துவருக்கு, 'பாலியேட்டிவ் என்றால் கைவிட்டுவிடுவது' என்ற எண்ணம் தானாகக் கழன்றுவிடும். சந்தேகப் பேர்வழிகளுக்கு 2010-இல் வெளியான நுரையீரல் புற்றுநோய் ஆய்வைச் சொல்லுங்கள். நோய் கண்டறிந்த சில வாரங்களுக்குள் வழக்கமான சிகிச்சையோடு பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் முதல் குழுவில்தான் குறைவு.

முதல் நான்கு மணி நேரத்தை மார்ஃபின் கணக்குக்கே கொடுங்கள். அதிகம் என்று தோன்றலாம். ஆனால் இங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் கணக்குத் தவறுகள். அறிவுரையால் அவை போகாது, போட்டுப் போட்டுப் பழகினால் போகும். மார்ஃபின் இதுவரை எடுக்காத, சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு வாய்வழியாக 5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதியவர், மிகவும் மெலிந்தவர் என்றால் 2.5 மி.கி. இடையில் வலி மீறினால் கொடுக்க உபரி டோஸ், நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குவரை. முதல் டோஸ் எழுதும் அதே கையோடு மலமிளக்கி. வாந்தி உணர்வு ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்; மலச்சிக்கல் அடங்காது, உடல் அதற்குப் பழகுவதே இல்லை. இதை விளக்காமல் 'மலமிளக்கி கொடு' என்று மட்டும் சொன்னால் மூன்றாம் வாரம் மறந்துவிடுவார்கள்.

பிறகு ஒரு கணக்கு கொடுங்கள். நோயாளி 4 மணிக்கு ஒருமுறை 5 மி.கி. எடுக்கிறார், நேற்று நான்கு முறை உபரி டோஸ் 5 மி.கி. வாங்கியிருக்கிறார். மொத்தம் 30 கூட்டல் 20, 50 மி.கி. அதை ஆறால் வகுத்தால் எட்டுச் சொச்சம், சற்றுக் குறைத்து ஒவ்வொரு டோஸையும் 7.5 மி.கி. ஆக ஏற்றலாம். எல்லோரும் இதைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். அப்போது கேளுங்கள்: 'அந்த நான்கு உபரி டோஸும் எப்போது கேட்டார்?' யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கும் கட்டு மாற்றும்போதும் திருப்பிப் படுக்கவைக்கும்போதும் கேட்டவை என்றால், அடிப்படை டோஸை ஏற்றியது தவறு. மீதி நேரமெல்லாம் தூங்கி வழிவார். செய்ய வேண்டியது, கட்டு மாற்றுவதற்கு 30 முதல் 45 நிமிடம் முன்பு உபரி டோஸைக் கொடுப்பது. கணக்கு சரியாக வந்தாலும் சிகிச்சை தவறலாம் என்பதை அந்த ஒரு கேள்வி புரியவைத்துவிடும்.

இரண்டாம் மணி நேரத்துக்கு 'தப்புச் சீட்டு' விளையாட்டு நன்றாக எடுபடும். ஆறு மருந்துச் சீட்டுகளை நீங்களே தவறாக எழுதி, இரண்டிரண்டு பேராகத் தவறைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் 'மார்ஃபின் 10 மி.கி., தேவைப்பட்டால்' என்று மட்டும் இருக்கட்டும்: நேரப்படி டோஸ் கிடையாது, ஆகவே நோயாளி ஒவ்வொரு முறையும் வலி உச்சிக்கு ஏறிய பிறகு கெஞ்ச வேண்டும். ஒன்றில் மலமிளக்கி இல்லை. ஒன்றில் சிறுநீரகம் பழுதாகி கிரியேட்டினின் 5 உள்ளவருக்கு வழக்கமான டோஸ்: மார்ஃபின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், வெளியேறாமல் உடலில் தேங்கினால் மயக்கமும் கைகால் வெட்டி வெட்டி இழுப்பதும் வரும். ஒன்றில், வாய்வழி நாளுக்கு 60 மி.கி. எடுத்தவருக்கு விழுங்க முடியாமல் போனதும் தோலடி வழியாக அதே 60. இரண்டு முதல் மூன்றால் வகுத்திருக்க வேண்டும். ஒன்றில், தாங்க முடியாத வலிக்கு ராத்திரியில் ஃபென்டனில் என்ற வலிமருந்தின் தோல் பேட்ச் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அது வேலைசெய்யத் தொடங்கவே 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கடைசிச் சீட்டில், மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் ஊற்றச் சொல்லி எழுதுங்கள். 12 மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கைக்குப் பழகியிருக்காது.

மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தை நேரடியாகவே எடுத்துப் பேசுங்கள். மூச்சு குறைவதற்கு முன் தூக்கக் கலக்கம் வரும் என்பதையும், எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மார்ஃபினை முறிக்கும் நலோக்சோனைக் கரைத்துக் கொடுக்கும் முறையையும் காலி ஊசியை வைத்துக் கையால் செய்யவிடுங்கள்: 400 மைக்ரோகிராம் ஆம்ப்யூலை 10 மி.லி. ஆக்கினால், 1 மி.லி.யில் 40 மைக்ரோகிராம். எழுப்ப முடியாமல் மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.லி. மூச்சு திரும்பினால் போதும், ஆள் விழித்து உட்கார வேண்டியதில்லை. முழு ஆம்ப்யூலையும் ஒரே தள்ளாகத் தள்ளினால், அடக்கிவைத்த வலி அத்தனையும் ஒரே நொடியில் திரும்பும். 'தப்பாகிவிட்டால் திருத்த எனக்குத் தெரியும்' என்ற நிலை வந்த பிறகுதான் மார்ஃபின் எழுதும் தயக்கம் போகும்.

அடுத்த ஐந்து மணி நேரம் பேச்சுக்கு. கெட்ட செய்தி சொல்வதற்கான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை 2000-இல் வந்தது. உங்கள் ஆட்கள் தேர்வில் அதை எழுதித்தான் மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் ஆறு படிகளையும் ஒரே நாளில் நடிக்கச் சொன்னால், அடுத்த படி என்ன என்று யோசித்துக்கொண்டே எதிரில் அழுபவரைப் பார்க்கத் தவறிவிடுவார்கள். ஒரு அமர்வுக்கு ஒரே ஒரு அசைவு போதும். முதல் அமர்வில், சொல்வதற்கு முன் கேட்பது மட்டும்: 'இதுவரைக்கும் டாக்டருங்க என்ன சொல்லியிருக்காங்க? நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?' இரண்டாவதில், செய்தியை ஒரே வாக்கியத்தில் சொல்வது. மூன்றாவதில், சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவதுதான் இருப்பதிலேயே கடினம்.

ஒத்திகையைத் தமிழிலேயே நடத்துங்கள். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. படித்ததெல்லாம் ஆங்கிலத்தில், பேசுவது தமிழில். மொழி மாறும் அந்த இடத்தில்தான் பூசி மெழுகுவது நுழைகிறது. 'பாட்டிக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, எங்களால முடிஞ்சதைப் பண்றோம்' என்பதைக் கேட்கும் மகள் 'முடிஞ்சதைப் பண்றோம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவாள். 'கட்டி' என்றால் அறுத்து எடுத்துவிடலாம் என்று அர்த்தம் ஆகும். 'இனி ஒண்ணும் செய்யறதுக்கு இல்ல' என்பது அப்பட்டமான பொய். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஒவ்வொருவரும் இந்த மூன்றுக்கும் மாற்றுச் சொற்களைத் தாங்களே எழுதிவந்து வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஒத்திகை இப்படி நடக்கலாம். மூன்று நாற்காலி: மருத்துவர், நோயாளியின் மகன், பார்வையாளர். மகனாக நடிப்பவரிடம் இரண்டே குறிப்பு எழுதிய துண்டுச் சீட்டு: 'ஸ்கேன் நல்லா வந்திருக்கும்னு நம்பி வந்திருக்கிறாய். செய்தி கேட்டதும் உடனே வேறு மருந்து இருக்கா என்று கேள்.' மருத்துவர் தொடங்குவதற்கு முன் தான் எங்கே மாட்டிக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும். பிறகு: 'ஸ்கேன் முடிவு வந்திருக்கு. நாம எதிர்பார்த்த மாதிரி இல்லை. அப்பாவுக்குப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவியிருக்கு.' இங்கே நிறுத்த வேண்டும். மனதுக்குள் பத்துவரை எண்ணச் சொல்லுங்கள். நாலாவது எண்ணிலேயே பலருக்கும் வாய் திறந்துவிடும்: 'ஆனா கீமோ இருக்கு, கவலைப்படாதீங்க...' அங்கே கை தட்டி நிறுத்துங்கள். தொடக்கத்துக்குப் போக வேண்டாம், அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

மகன் 'வேற மருந்தே இல்லையா டாக்டர்?' என்கிறான். பயிற்சி மருத்துவர் அதைத் தகவல் கேள்வியாக எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசை மருந்துகளின் பட்டியலை ஒப்பிப்பார். அது அந்த நொடியில் தகவல் கேள்வி கிடையாது; அதிர்ச்சி கேள்வி வேஷத்தில் வருகிறது. 'இப்படி ஒரு செய்தியை நீங்க எதிர்பார்த்தே வந்திருக்க மாட்டீங்க' என்று ஒன்று சொல்லி மறுபடி காத்திருந்தால், உண்மையான கேள்வி அடுத்து வரும். எத்தனை நாள், வலிக்குமா, அப்பாவிடம் யார் சொல்வது. பார்வையாளர் கருத்துச் சொல்லக் கூடாது. கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதிப் படித்துக்காட்ட வேண்டும். 'நல்லா பேசினே' என்பது யாருக்கும் எதையும் கற்றுத்தராது. '"கவலைப்படாதீங்க"ன்னு மூணு தடவை சொன்னே' என்பது கற்றுத்தரும்.

நான்காம் அமர்வை 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' என்பதற்கே ஒதுக்குங்கள். சட்டத்தைக் காட்டி வாதிடுபவர்களும் உடனே சரி என்று தலையாட்டுபவர்களும் உங்களிடம் சம அளவில் இருப்பார்கள், இரண்டுமே தவறு. முதலில் பயத்தைக் கேட்க வேண்டும்: 'சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?' அடுத்து, 'அவருக்கு இப்பவே என்ன தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறீங்க?' கடைசியில் எல்லையைச் சொல்ல வேண்டும்: 'நானா போய்த் திணிக்க மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறார்னு அவர்கிட்டயே கேட்பேன். அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.' ஐந்தாவது அமர்வு 'எத்தனை நாள்?' என்ற கேள்விக்கு. மருத்துவர்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: 2000-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 63 சதவீதக் கணிப்புகள் உண்மைக்கு மேலே இருந்தன, 20 சதவீதமே சரியாக இருந்தன. ஆகவே எண்ணைச் சொல்லாமல் அளவைச் சொல்லப் பழக்குங்கள்: 'வருஷக் கணக்கு இல்லை, மாசக் கணக்கு, அதுலயும் கொஞ்ச மாசமாத்தான் இருக்கலாம்னு பயப்படறேன்.'

இங்கே ஒரு எச்சரிக்கை. 2013-இல் வெளியான ஒரு சீரற்றப் பகிர்வு ஆய்வில் (குலுக்கல் முறையில் குழு பிரித்து ஒப்பிடும் ஆய்வு) பொது மருத்துவ மேற்படிப்பினருக்கு எட்டு ஒத்திகை அமர்வுகள் கொடுத்தார்கள். அவர்கள் பேசிய நிஜ நோயாளிகளிடம் விசாரித்தபோது பேச்சின் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நோயாளிகளின் மனச்சோர்வு அளவு சற்றுக் கூடிக்கூட இருந்தது. ஒத்திகை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 160 புற்றுநோய் மருத்துவர்களை வைத்து 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் மூன்று நாள் பயிற்சி நிஜ நோயாளிகளிடமே பலன் காட்டியது. எழுத்தில் மட்டும் கொடுத்த பின்னூட்டம் பெரிதாகப் பலன் காட்டவில்லை. நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இது: ஒத்திகை அறையில் கற்றது வார்டுக்கு வந்துசேர யாராவது வார்டில் கூடவே நின்று பார்க்க வேண்டும்.

அந்த 'யாராவது' நீங்கள்தான். மூன்று மாதத்தில் ஒவ்வொருவரையும் மூன்று முறை நிஜ நோயாளியிடம் பேசும்போது பாருங்கள். 10 நிமிடம் பேச்சு, வெளியே வந்ததும் தாழ்வாரத்திலேயே 5 நிமிடம் திருத்தம். அடுத்த நாளுக்குத் தள்ளினால் இருவருக்குமே நினைவிருக்காது. நீங்கள் உட்கார வேண்டியது பயிற்சி மருத்துவரின் தோளுக்குப் பின்னால், நோயாளியின் பார்வைக்கு நேராக வராத இடத்தில். எதிரில் உட்கார்ந்தால் நோயாளி பெரிய டாக்டரிடம்தான் பேசுவார். தடுமாறினால் என்ன சைகை என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சைகை வரும்வரை வாய் திறக்கக் கூடாது. மூத்தவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: இரண்டு விநாடி மௌனம் வந்ததும் தாங்களே பேச்சை எடுத்துக்கொள்வது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரவுண்ட்ஸில் தீராத நோயாளியின் படுக்கையை மூத்தவர் அரை நிமிடத்தில் கடந்துபோனால், அந்த அரை நிமிடம் உங்கள் 12 மணி நேரப் பாடத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு படுக்கையிலும் பயிற்சி மருத்துவரிடம் இரண்டு கேள்வி போடுங்கள்: இவருக்கு இப்போது எது அதிகத் தொல்லை? ஒரு வருடத்துக்குள் இவர் இறந்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்குமா? இரண்டாவது கேள்வி ஜோசியம் பார்ப்பதற்கு இல்லை, 'இவரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டதா' என்று யோசிக்கவைக்கத்தான்.

சுழற்சியில் எந்தத் துறையில் இருக்கிறார்களோ அந்தத் துறை நோயாளியையே உதாரணமாக எடுங்கள். சிறுநீரகத் துறையில், டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது. இதயத் துறையில், துடிப்பு பிசகினால் மின்னதிர்ச்சி கொடுக்க உடலில் பொருத்திய டிஃபிப்ரிலேட்டரின் அதிர்ச்சியைக் கடைசி நாட்களில் நிறுத்திவைப்பது. இதைப் பேசாமல் விட்டால் இறக்கும் தறுவாயில் அது நெஞ்சில் அடித்துக்கொண்டே இருக்கலாம். தீவிர சிகிச்சையில், 'மூன்று நாள் முழுமையாகப் பார்ப்போம், அதற்குள் இன்னின்ன மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்' என்று கால எல்லை வைத்துத் தொடங்குவது.

பத்தாம் மணி நேரம் மூச்சுத்திணறலுக்கும் கடைசி நாட்களுக்கும். ஆக்ஸிஜன் அளவு குறையாதவருக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதால் சாதாரணக் காற்றைவிடக் கூடுதல் பலன் இல்லை. முகத்துக்கு நேரே சின்ன விசிறி, முன்னால் சாய்ந்து உட்காரும் நிலை, குறைந்த அளவு மார்ஃபின் ஆகியவை உதவலாம். கடைசி நாட்களில் வலி, குமட்டல், பதற்றம், தொண்டைச் சளி நான்குக்கும் தோலடி மருந்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்குத் தேடக் கூடாது. தொண்டையில் கரகரவென்று வரும் சத்தம் குடும்பத்தைத்தான் உலுக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 'அவருக்கு மூச்சு முட்டுறதால வர்ற சத்தம் இல்லை இது' என்று விளக்குவது மருந்தைவிடப் பல நேரம் உதவும்.

பதினோராவது, இறப்பை உறுதிசெய்வதும் தொலைபேசியில் சொல்வதும். பயிற்சி மருத்துவர்கள் இதை நள்ளிரவில் தனியாகச் செய்கிறார்கள், யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். உள்ளே போகும் முன் கேஸ் ஷீட்டில் பெயரைப் பார்ப்பது, உறவினரிடம் தான் யார் என்று சொல்வது, அவசரப்படாமல் நெஞ்சில் கேட்பது, கண்மணியைப் பார்ப்பது, பிறகு 'இறந்துட்டாங்க' என்ற சொல்லைச் சொல்வது. 'போயிட்டாங்க' என்றால் ஐ.சி.யு.வுக்கா என்று கேட்டவர்கள் உண்டு. தொலைபேசி என்றால், எடுத்தவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

பன்னிரண்டாவது தேர்வு. எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒரு தப்புச் சீட்டு, ஒரு கணக்கு, 7 நிமிட ஒத்திகை ஒன்று. அதோடு மாதம் பத்து கேஸ் ஷீட்டை எடுத்து மூன்றே விஷயம் பாருங்கள்: சேர்த்த 24 மணி நேரத்துக்குள் வலியின் அளவு எழுதியிருக்கிறதா, மார்ஃபினோடு மலமிளக்கி இருக்கிறதா, குடும்பத்தோடு பேசியதில் யார் இருந்தார்கள், என்ன முடிவானது என்று பதிவு இருக்கிறதா. பாடம் தொடங்குவதற்கு முந்தைய மாதத்திலும் இதே பத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

செவிலியர்களைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் இல்லாமல் மார்ஃபின் அமர்வுகளை நடத்தாதீர்கள். உபரி டோஸ் எழுதுவது மருத்துவர் என்றாலும், கேட்டதும் கொடுப்பதா அரை மணி நேரம் காக்கவைப்பதா என்று தீர்மானிப்பது மருந்து அலமாரியின் சாவி வைத்திருப்பவர். தனித் துறை இல்லாத இடத்தில், அனுபவமுள்ள ஒரு செவிலியரையும் ஆர்வமுள்ள ஒரு இளைய ஆசிரியரையும் முதலில் வெளியே முறையான பயிற்சிக்கு அனுப்புங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் நான்கு மணி நேரத்தை அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். உபரி டோஸ் கொடுத்த நேரம், எதற்காகக் கேட்டார், ஒரு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு என்று மூன்று கட்டம் போட்ட ஒரு தாளை அதற்குமுன் ஒவ்வொரு படுக்கையிலும் மாட்டிவையுங்கள். முதல் கணக்குக்கான எண்கள் உங்கள் வார்டிலிருந்தே கிடைத்துவிடும்.